மேலுறை இல்லாத குழாய்: உணவுக்குழாய்ப் புற்றுநோய் வளர்வதும் பரவுவதும்

இரைப்பையின் வெளிப்பக்கத்தில் வழவழப்பான மெல்லிய உறை ஒன்று போர்த்தியிருக்கும். குடலின் பெரும்பகுதிக்கும் அப்படித்தான். உணவுக்குழாய்க்கு அது கிடையாது. வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கிற கடைசித் துண்டைத் தவிர, மிச்சமெல்லாம் தளர்வான இணைப்புத் திசுவுக்குள் வெறுமனே பதிந்து கிடக்கிறது. உடற்கூறுப் பாடத்தில் ஒரே வரியில் கடந்துபோகிற சங்கதி இது. ஆனால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஏன் இவ்வளவு சுலபமாக அக்கம்பக்கம் பரவுகிறது என்று கேட்டால், பதிலில் பாதி அந்த வரிக்குள் இருக்கிறது.

மீதிப் பாதிக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, இந்தக் குழாயின் நிணநீர் வடிகால்கள், அதாவது திசுக்களில் கசியும் நீரைத் திரட்டிச் செல்லும் நுண்குழாய்கள், உட்புறத்துக்கு மிக அருகில் ஓடுகின்றன. இன்னொன்று, குழாய் நன்றாக நெகிழ்ந்து கொடுப்பதால் உள்ளே கட்டி வளர்வது வெகுநாள் வரை தெரிவதில்லை. புற்றுச் செல்களின் மூர்க்கத்தைப் பற்றியே எப்போதும் பேசுகிறோம். இந்த நோயில் அவை பிறக்கிற இடத்துக்கும் அதே அளவு பங்கு உண்டு என்பது என் கணிப்பு. அதனால் செல்லை விட்டுவிட்டுக் குழாயிலிருந்தே தொடங்கலாம்.

குழாயும் அதன் அடுக்குகளும்

வளர்ந்த ஒருவருக்கு உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். தொண்டைக்குக் கீழே தொடங்கி, மூச்சுக்குழாய்க்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் நேராக இறங்கி, உதரவிதானத்தில் உள்ள ஒரு துளை வழியாக வயிற்றுக்குள் நுழைந்து இரைப்பையில் சேர்கிறது. போகிற வழியில் பெருந்தமனி பக்கத்திலேயே வருகிறது. இதயத்தின் இடது மேலறை முன்புறம் ஒட்டியபடி இருக்கிறது. குரல்வளைக்குப் போகும் நரம்புகள் ஓரமாக ஓடுகின்றன. மார்புக்குள் இருக்கிற முக்கியமான ஆட்கள் எல்லோரும் இதற்கு ஒரு விரல்கடை தூரத்தில்தான் குடியிருக்கிறார்கள். அண்டை வீடுகள் நெருக்கம், நடுவில் மதிலும் இல்லை.

குழாயின் சுவர் விரிந்த நிலையில் 3 மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்குள்ளேதான் இத்தனை அடுக்கு. உணவு உரசிப் போகும் உட்பரப்பில், தட்டையான செதிள் செல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய ஒரு தளம். அந்தத் தளம் நிற்பது அடித்தளச் சவ்வு என்கிற மிக மெல்லிய விரிப்பின் மேல். அதற்குக் கீழே கொஞ்சம் தளர்வான திசு, பிறகு நூல் போல ஒரு தசைப்பட்டை. இதுவரைக்கும் சேர்ந்ததைச் சளிப்படலம் என்பார்கள். அதற்கு அடுத்தது கீழ்ச்சளிப்படலம். ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் பின்னிக்கிடக்கிற பகுதி. அப்புறம் உணவைக் கீழே தள்ளுகிற கெட்டியான தசை. கடைசியாக அந்தத் தளர்வான இணைப்புத் திசு. முடிந்தது. பிறகு பக்கத்து உறுப்புதான்.

இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். புற்று உள்ளிருந்து வெளியே, ஒவ்வோர் அடுக்காகத் தாண்டுகிறது. எந்த அடுக்கு வரை வந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் மருத்துவர்கள் பாதி முடிவை எடுக்கிறார்கள்.

முதல் செல் எங்கே தடம் மாறுகிறது

உட்பரப்புத் தளம் ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. அடியில் இருக்கிற செல்கள் பிளந்து பெருக, புதியவை மேலே நகர்ந்து, தட்டையாகி, கடைசியில் உரசலில் உதிர்ந்துபோகின்றன. ஒவ்வொரு முறை செல் பிளக்கும்போதும் டிஎன்ஏ முழுவதையும் படியெடுக்க வேண்டும். படியெடுப்பில் எழுத்துப்பிழை வரும். பெரும்பாலான பிழைகளை செல்லே திருத்திவிடும், சில தங்கிவிடும்.

இங்கே வியப்பான விஷயம் ஒன்று உண்டு. 2018-ல் பிரிட்டனின் சாங்கர் ஆய்வு நிலையத்தினர் புற்றுநோய் இல்லாதவர்களின் உணவுக்குழாயை எடுத்து மரபணு மரபணுவாக ஆராய்ந்தார்கள். நடுவயதைத் தாண்டியவர்களில், கண்ணுக்கு முற்றிலும் நலமாகத் தெரிகிற அந்தத் திசுவில் பெரும்பகுதியை மரபணுப் பிழை ஏறிய செல் கூட்டங்களே பிடித்து வைத்திருந்தன. நாட்ச்1 என்ற ஒரே மரபணுவில் பிழை உள்ள செல்கள், நடுவயதைத் தாண்டியவர்களின் உட்பரப்பில் 80 சதவீதம் வரைகூடப் பரவியிருந்தன. அவர்களுக்குப் புற்றுநோய் இல்லை. போதாக்குறைக்கு, அந்தப் பிழை உணவுக்குழாய்ப் புற்றுநோயில் காணப்படுவதைவிட நலமான திசுவில்தான் அதிகம். அதாவது பிழை வந்தவுடன் புற்று வந்துவிடாது. செல்லின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகிற, கெட்ட செல்லைத் தானே சாகச் சொல்கிற, டிஎன்ஏ சேதத்தைக் கவனிக்கிற காவல்கள் பல சேர்ந்து விழ வேண்டும். அவற்றில் தலைமைக் காவலாக பி53 என்ற புரதத்தைச் சொல்லலாம். உணவுக்குழாய்ப் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் அதன் மரபணு கெட்டுப்போயிருக்கிறது.

இந்தக் காவல்கள் எப்படி விழுகின்றன என்பதில் இரண்டு தனித்தனிக் கதைகள் உள்ளன. அவை இரண்டு தனி நோய்கள் என்று நினைத்தாலும் தவறில்லை.

முதல் கதை செதிள் செல் புற்று. உலக அளவில் இதுதான் பெரும்பான்மை. பெரும்பாலும் குழாயின் மேல்பகுதியிலும் நடுப்பகுதியிலும் வரும். புகையிலையும் மதுவும் முதன்மைக் காரணங்கள். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். மது உடலுக்குள் போனதும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறும். அது டிஎன்ஏவை நேரடியாகச் சேதப்படுத்தும். அதை உடைத்து அகற்றுகிற நொதி சிலருக்குப் பிறவியிலேயே சோம்பலாக இருக்கும், கிழக்கு ஆசியர்களிடம் இது அதிகம். இரண்டு வாய் குடித்ததும் முகம் சிவந்துவிடுகிறவர்கள் இவர்கள். அந்தச் சிவப்பை வெட்கம் என்று கேலி செய்வார்கள். உண்மையில் நச்சு தேங்குகிறது என்பதன் அடையாளம் அது. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களை, புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2016-ல் 'அநேகமாகப் புற்றை உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்தது. இங்கே கவனிக்க வேண்டியது பானம் எது என்பதல்ல, சூடு எவ்வளவு என்பதுதான். முன்பு எப்போதோ அரிக்கும் காரத் திரவம் (ஆல்கலி) குடித்து வெந்துபோன குழாயிலும், அக்கலேசியா என்ற கோளாறால் உணவு தேங்கித் தேங்கிப் புண்ணான குழாயிலும் ஆண்டுகள் கழித்து இது வரலாம்.

இரண்டாவது கதை சுரப்பிச் செல் புற்று. குழாயின் அடிப்பகுதியில், இரைப்பையை ஒட்டி வருவது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இப்போது இதுதான் அதிகம். இதன் தொடக்கம் நெஞ்செரிச்சல். இரைப்பை அமிலம் மேலே எதுக்களித்து எதுக்களித்து வரும்போது, அமிலத்தைத் தாங்கத் தெரியாத செதிள் செல்கள் வெந்து உதிர்கின்றன. அந்த இடத்தில், குடலின் உட்பரப்பில் இருப்பவை போன்ற, சளி சுரக்கும் உயரமான செல்கள் வந்து உட்கார்கின்றன. ஒரு வகையில் இது உடல் செய்துகொள்ளும் தற்காப்பு. புதிய செல்கள் அமிலத்தைக் கொஞ்சம் நன்றாகவே தாங்கும். ஆனால் அந்த இடத்துக்குச் சொந்தமில்லாத செல்கள் அவை. நிலை கொஞ்சம் தள்ளாட்டம்தான்.

இந்த மாற்றத்துக்கு பேரட் உணவுக்குழாய் என்று பெயர். நார்மன் பேரட் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் 1950-ல் இதைப் பற்றி எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அது மார்புக்குள் இழுபட்ட இரைப்பை என்றுதான் அவர் அப்போது வாதிட்டார். உணவுக்குழாயேதான் என்று வேறு இருவர் 1953-ல் காட்டினார்கள். 1957-ல் பேரட் ஒத்துக்கொண்டார். பெயர் மட்டும் அவருக்கே நிலைத்துவிட்டது.

பேரட் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் பலர் அன்றே பயந்து சாப்பாட்டை விட்டுவிடுகிறார்கள். ஆண்டுக்கு 200 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே அது புற்றாக மாறுகிறது. உடற்பருமன், புகைப்பழக்கம், பல ஆண்டு நெஞ்செரிச்சல் எல்லாம் சேர்ந்தால் வாய்ப்பு கூடும். மாறும்போதும் ஒரே தாவலில் மாறாது. முதலில் செல்களின் உருவமும் ஒழுங்கும் லேசாகக் குலையும். பிறகு நன்றாகக் குலையும். அதற்குப் பிறகுதான் புற்று. செதிள் செல் புற்றிலும் இதே படிகள் உண்டு. இந்த இடைப்பட்ட படிகளில் பிடித்துவிட்டால், வயிற்றையோ மார்பையோ திறக்காமல், வாய் வழியாக இறக்கும் கேமராக் குழாயான எண்டோஸ்கோப் வழியாகவே அந்தப் பகுதியைச் சுரண்டியோ சூடுவைத்தோ எடுத்துவிடலாம்.

அடித்தளச் சவ்வைத் தாண்டும் நாள்

ஒழுங்கு குலைந்த செல்கள் அடித்தளச் சவ்வுக்கு மேலேயே இருக்கிற வரைக்கும் அவை எங்கும் போக முடியாது. சவ்வுக்கு மேலே ரத்தக் குழாயும் இல்லை, நிணநீர்க் குழாயும் இல்லை. அந்தச் சவ்வை அரிக்கிற நொதிகளைச் செல் சுரக்கத் தொடங்கும்போதுதான் அது பெயரளவிலும் புற்றுநோய் ஆகிறது. கூடவே இன்னொரு மாற்றமும் நடக்கும். உட்பரப்புச் செல்கள் இயல்பாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். புற்றுச் செல் அந்த ஒட்டுப் புரதங்களைக் குறைத்துக்கொண்டு, கூட்டத்தை விட்டுத் தனியே நழுவி ஊரக் கற்றுக்கொள்கிறது. கரு வளரும்போது செல்கள் இடம்பெயர்வதற்குப் பயன்படுத்திய அதே பழைய வித்தை. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பூட்டி வைத்திருந்த அலமாரியைத் திறந்துகொண்டது, அவ்வளவுதான்.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1 சென்டிமீட்டர் கட்டியில் ஏறத்தாழ 100 கோடி செல்கள் இருக்கும். ஒரே செல் இரண்டாகி, நான்காகி, எட்டாகி அந்த எண்ணிக்கையை எட்ட சுமார் 30 இரட்டிப்புகள் வேண்டும். அதிலிருந்து இன்னும் 10 இரட்டிப்பு நடந்தால் கணக்குப்படி ஒரு கிலோ. செல்கள் இடையில் சாகவும் செய்கின்றன, அதனால் நிஜத்தில் இப்படி நேர்கோட்டில் நடக்காது. ஆனாலும் ஒன்று விளங்கும்: ஸ்கேனில் தெரிகிற அளவுக்கு ஒரு கட்டி வரும்போது, அதன் வாழ்நாளில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. 'போன மாதம்தான் வந்தது' என்று நாம் சொல்வது நமக்குத் தெரியவந்த தேதியை.

ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டி வளர, கட்டிக்குத் தனியாக ரத்தம் வேண்டும். பக்கத்துத் திசுவிலிருந்து கசிந்து வருகிற பிராணவாயு உள்ளே உள்ள செல்களுக்கு எட்டாது. அதனால் புதிய ரத்தக் குழாய்களை முளைக்கச் சொல்லி வேதிச் சமிக்ஞைகளை அனுப்புகிறது. 1971-ல் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இந்தக் கருத்தை முன்வைத்தபோது வெகுவாக யாரும் ஒப்பவில்லை. இன்று அந்தக் குழாய்களைத் தடுக்கிற மருந்துகளே தனி வகையாக இருக்கின்றன. அப்படி முளைக்கிற குழாய்கள் அவசரத்தில் கட்டியவை, ஒழுகும். கட்டிக்குச் சாப்பாடும் அந்த வழி, வெளியே போகும் வாசலும் அந்த வழி.

மேலும் கீழும் ஓடும் வடிகால்

பெருங்குடலில் ஒரு புற்று சளிப்படலத்துக்குள்ளேயே இருந்தால் அது நிணநீர் வழியாகப் பரவும் என்று கிட்டத்தட்ட யாரும் கவலைப்படுவதில்லை. உணவுக்குழாயில் அந்த நிம்மதி இல்லை. இங்கே நிணநீர்க் குழாய்கள் அடித்தளச் சவ்வுக்கு உடனே கீழே இருக்கிற தளர்வான திசு வரைக்கும் எட்டி வந்திருக்கின்றன. சளிப்படலத்துக்குள் மட்டும் இருக்கிற புற்றிலேயே நூற்றுக்குச் சிலருக்கு நிணநீர் முடிச்சில் செல்கள் போயிருக்கும். கீழ்ச்சளிப்படலத்தை எட்டிவிட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, ஆழத்தைப் பொறுத்து அதற்கும் மேல். இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் நோயின் போக்கு மாறிவிடுகிறது.

இன்னொரு விசேஷம், இந்த வடிகால்கள் குறுக்கே போவதைவிட நெடுக்கே அதிகம் ஓடுகின்றன. மழைநீர் வாசலில் விழுந்தவுடன் தெருவைக் கடக்காமல், ஓரச் சாக்கடையில் வெகுதூரம் ஓடிப்போய் எங்கோ ஒரு முனையில் வெளியேறுகிற மாதிரி. புற்றுச் செல் கீழ்ச்சளிப்படலத்துக்குள் இறங்கி, குழாயின் நீளவாக்கில் மேலே கழுத்துப் பக்கமோ கீழே வயிற்றுப் பக்கமோ போய், அங்கே ஒரு முடிச்சில் தங்கலாம். பக்கத்திலேயே இருக்கிற முடிச்சு சுத்தமாக இருக்க, ஒரு சாண் தள்ளியுள்ள முடிச்சில் நோய் இருக்கும். 'தாவிப் போனது' என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். சில வேளை அதே குழாயிலேயே, முதன்மைக் கட்டிக்கும் இதற்கும் நடுவில் நல்ல திசு இருக்க, தனியாக ஒரு குட்டிக் கட்டி முளைத்திருக்கும். இரண்டு சென்டிமீட்டர் கட்டிக்கு எதற்கு இவ்வளவு நீளம் குழாயை வெட்டுகிறார்கள், கழுத்து வரை எதற்கு முடிச்சுகளை எடுக்கிறார்கள் என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

நிணநீர் முடிச்சு என்பது புதிய பொருள் ஒன்றுமில்லை. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அதுதான். கிருமியை வடிகட்டிப் பிடித்து வைக்கும் சாவடி. புற்றுச் செல்லும் அங்கே சிக்குகிறது. சிக்கியது சாகலாம், அல்லது அங்கேயே பெருகலாம். உணவுக்குழாய்க்குக் கழுத்திலும் மார்புக்குள்ளும் மேல்வயிற்றிலும் முடிச்சுகள் உண்டு. இவற்றில் இடது காறை எலும்புக்கு மேலே உள்ள முடிச்சுக்குத் தனிப் புகழ். உடலின் பெரும்பகுதி நிணநீரைச் சுமந்து வரும் பெருங்குழாய் இடது கழுத்தடியில்தான் சிரையில் கலக்கிறது. வயிற்றுக்குள் இருக்கிற புற்று அங்கே கட்டியாக வெளிப்படலாம் என்று ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோ 1848-ல் சுட்டிக்காட்டினார். இன்றும் அந்த முடிச்சுக்கு அவர் பெயர்தான். இதைப் படித்துவிட்டு எல்லோரும் கழுத்தைத் தடவிப் பார்க்க வேண்டாம். நெறி கட்டுவதற்கு மிகப் பெரும்பாலும் காரணம் சாதாரணத் தொற்று. வாரக்கணக்கில் குறையாமல், வலியில்லாமல், கெட்டியாக இருந்தால் காட்ட வேண்டும்.

மதில் இல்லாத அண்டை வீடுகள்

தசையையும் தாண்டிவிட்டால் வெளியே இருப்பது அந்தத் தளர்வான திசு மட்டும்தான். அதற்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தொல்லை மாறும்.

முன்னால் மூச்சுக்குழாய். கட்டி அதன் சுவரை அரித்துத் துளைத்துவிட்டால் உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவில் ஓர் ஓட்டை விழும். தண்ணீர் ஒரு மடக்கு குடித்ததும் அடக்க முடியாத இருமல் வரும். திரும்பத் திரும்ப நுரையீரலில் சளித்தொற்று வரும். சாதாரணமாகப் புரையேறுவதற்கும் இதற்கும் வித்தியாசம், இது ஒவ்வொரு மடக்குக்கும் நடக்கும்.

இடது குரல் நரம்பின் பாதை ஒரு விசித்திரம். மூளையிலிருந்து புறப்பட்டு நேராகக் குரல்வளைக்குப் போகாமல், மார்புக்குள் இறங்கிப் பெருந்தமனி வளைவைச் சுற்றிக்கொண்டு, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் உள்ள பள்ளம் வழியாக மறுபடி மேலே ஏறுகிறது. அந்தப் பள்ளத்தில் கட்டியோ வீங்கிய முடிச்சோ நரம்பை அழுத்தினால் குரல் கம்மிப்போகும். சளி பிடிக்காமலே வாரக்கணக்கில் நீடிக்கிற கம்மிய குரலை மருத்துவர்கள் லேசாக எடுத்துக்கொள்ளாததற்கு இந்தச் சுற்றுப்பாதையும் ஒரு காரணம்.

பெருந்தமனியைக் கட்டி அரித்தால் பெரும் ரத்தப்போக்கு. அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்து. நுரையீரல் உறையிலும் இதய உறையிலும் பரவினால் அங்கே நீர் கோத்துக்கொண்டு மூச்சு வாங்கும்.

ரத்தம் எங்கே கொண்டுபோய் விடுகிறது

நிணநீர் நிதானமான வழி. ரத்தம் விரைவு வண்டி. குழாயின் அடிப்பகுதி ரத்தம், இரைப்பையை ஒட்டிய சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. மேல்பகுதி, நடுப்பகுதி ரத்தம் மார்புச் சிரைகள் வழியாக இதயத்துக்குப் போய், அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது. இந்த நோய் தொலைவில் பரவும்போது கல்லீரலும் நுரையீரலும் முதல் வரிசையில் இருப்பதற்கு இந்தக் குழாய் இணைப்பே பெரிய காரணம். அடுத்ததாக எலும்பு, அட்ரீனல் சுரப்பி. சில வேளை மூளை.

ஆனால் குழாய் இணைப்பு மட்டுமே காரணமென்றால், ரத்தம் போகிற இடமெல்லாம் புற்று முளைக்க வேண்டும். முளைப்பதில்லை. ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய மருத்துவர் மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் உடற்கூறு அறிக்கைகளைப் பார்த்துவிட்டு 1889-ல் ஒரு கருத்தைச் சொன்னார்: விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும். இன்றைக்கும் ஆய்வாளர்கள் அந்த உவமையைக் கைவிடவில்லை. ரத்தத்தில் இறங்கும் புற்றுச் செல்களில் மிகப் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. ரத்த ஓட்டத்தின் இழுவையில் கிழிகின்றன, எதிர்ப்பாற்றல் செல்களிடம் மாட்டுகின்றன, போய்ச் சேர்ந்த இடத்தில் பிழைக்கத் தெரியாமல் முடிகின்றன. பிழைத்த ஒன்றிரண்டும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பெருகாமல் உறங்கலாம். சிகிச்சை முடிந்து நன்றாக இருந்தவருக்குப் பிறகு நோய் திரும்புவதற்கு இப்படி உறங்கிக்கிடந்த செல்கள் ஒரு காரணம்.

அடிக்கடி வருகிற குழப்பம் ஒன்று. கல்லீரலுக்குப் பரவிய உணவுக்குழாய்ப் புற்றைக் கல்லீரல் புற்று என்று சொல்லக் கூடாது. அங்கே இருப்பவை உணவுக்குழாய்ச் செல்கள்தான். மருந்தும் அதற்கு ஏற்றபடிதான். வெளியூரில் குடியேறினாலும் பூர்வீகம் மாறாது.

இவ்வளவு நடந்தும் ஏன் தெரிவதில்லை

2022-ல் உலகெங்கும் சுமார் 5.11 லட்சம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 4.45 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள். இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்குப் பெரிய காரணம் தாமதம்.

தொடக்கத்தில் வலியே இருக்காது. குழாய் நெகிழும், ஒரு பக்கம் கட்டி இருந்தால் மறுபக்கம் விரிந்து உணவுக்கு வழிவிடும். உள்விட்டம் சுமார் 13 மில்லிமீட்டருக்குக் கீழே குறுகும்போதுதான் திட உணவு தொடர்ந்து சிக்கத் தொடங்கும். அந்த வேளையில் கட்டி சுவரின் பெரும்பகுதியைச் சுற்றி வளைத்திருக்கும்.

அதற்கும் முன்பே சின்ன அறிகுறிகள் வந்திருக்கும். நாம்தான் அவற்றோடு சமரசம் செய்துகொள்கிறோம். ஒரு பெரிய மாத்திரை நெஞ்சில் நின்ற மாதிரி இருக்கும். அடுத்த முறை அதை உடைத்துப் போட்டுக்கொள்வோம். இறைச்சித் துண்டு இறங்கச் சிரமப்படும். இன்னும் கொஞ்ச நேரம் மெல்வோம், நடுநடுவே தண்ணீர் குடிப்போம். ரொட்டியை நனைத்துச் சாப்பிடுவோம். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகும் ஒருவர் மட்டும் தட்டோடு உட்கார்ந்திருப்பார். கேட்டால், 'வயசாச்சு, மெதுவாத்தான் இறங்கும்' என்பார். எடை குறைவதை முதலில் கவனிப்பது பெரும்பாலும் இடுப்புப் பட்டிதான். திட உணவிலிருந்து கூழான உணவுக்கு, அங்கிருந்து நீருக்கு என்று சிரமம் படிப்படியாக இறங்கிவந்தால் குழாய் குறுகிக்கொண்டே போகிறது என்று பொருள். உணவு சிக்குவதாக நாம் காட்டுகிற இடமும் ஏமாற்றும். அடைப்பு நெஞ்சின் அடியில் இருந்தாலும் தொண்டையில் நிற்பதாகத் தோன்றலாம்.

விழுங்கச் சிரமம் என்பது எந்த வயதிலும் எண்டோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டிய அறிகுறி. வாயுத் தொல்லை மாத்திரை போட்டுக் காத்திருப்பதற்கானது அல்ல.

எண்டோஸ்கோப்பியில் கேமரா வைத்த மெல்லிய குழாயை வாய் வழியாக இறக்கிப் பார்த்து, சந்தேகமான இடத்தில் துணுக்குகள் கிள்ளி எடுப்பார்கள். செதிள் செல் புற்றைத் தேடும்போது ஓர் அழகான உத்தி உண்டு. அயோடின் கரைசலை உட்பரப்பில் தெளிப்பார்கள். நலமான செதிள் செல்களில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சேர்ந்திருக்கும். அது அயோடினைப் பிடித்து அடர் பழுப்பாகும். ஒழுங்கு குலைந்த செல்களில் அந்தச் சத்து வற்றியிருக்கும், அதனால் நிறம் ஏறாது. ஒரு நிமிடம் முன்பு எல்லாம் ஒரே இளஞ்சிவப்பாகத் தெரிந்த இடத்தில், பழுப்புப் பின்னணியில் வெளிறிய திட்டு ஒன்று தனித்து நிற்கும்.

ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி

இவ்வளவும் தெரிந்தால், மருத்துவ அறிக்கையின் ஒரு வரியைப் படித்துவிடலாம். உதாரணமாக, 'முன்பல்லிலிருந்து 30 முதல் 35 செ.மீ. வரை, செதிள் செல் புற்று, டி3 என்1 எம்0.'

முன்பல் எதற்கு? எண்டோஸ்கோப் குழாயில் அளவுக்கோடுகள் இருக்கும். பல்லை வைத்துத்தான் ஆழத்தைக் குறிப்பார்கள். உணவுக்குழாய் ஏறத்தாழ 15 செ.மீ.யில் தொடங்கி 40-ல் முடியும். ஆக இந்தக் கட்டி நடுப்பகுதியைத் தாண்டி, கொஞ்சம் கீழே. டி என்பது சுவரில் எவ்வளவு ஆழம் என்பது: 1 என்றால் சளிப்படலமோ கீழ்ச்சளிப்படலமோ, 2 தசை, 3 தசையைத் தாண்டி வெளித் திசு, 4 அண்டை உறுப்பு. என் என்பது நோய் ஏறிய நிணநீர் முடிச்சுகளின் எண்ணிக்கை: ஒன்றோ இரண்டோ இருந்தால் 1, மூன்று முதல் ஆறு வரை 2, ஏழும் அதற்கு மேலும் 3. எம் 0 என்றால் தொலைவில் எங்கும் தெரியவில்லை. ஆழத்தை எண்டோஸ்கோப் நுனியில் வைத்த அல்ட்ராசவுண்டும், தொலைவை சி.டி. ஸ்கேனும் பெட் ஸ்கேனும் பார்த்துச் சொல்கின்றன.

இந்த நிலையில் நேராகக் கத்தி வைப்பது இப்போது வழக்கமில்லை. வடிகால்களில் ஏற்கெனவே செல்கள் இறங்கியிருக்கும் என்பதால், முதலில் கீமோவும் ரேடியேஷனும் கொடுத்துவிட்டு அறுவை செய்வார்கள். சுரப்பிச் செல் புற்றில் ரேடியேஷன் இல்லாமல் அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோ மட்டும் கொடுப்பதும் உண்டு. நெதர்லாந்தில் நடந்த கிராஸ் என்ற ஆய்வின் முடிவுகள் 2012-ல் வெளியாயின. கீமோவும் ரேடியேஷனும் பெற்று அறுவை செய்துகொண்டவர்களில் செதிள் செல் வகையினர் 49 சதவீதம் பேருக்கும், சுரப்பிச் செல் வகையினர் 23 சதவீதம் பேருக்கும் வெட்டி எடுத்த திசுவில் ஒரு புற்றுச் செல்கூட மிச்சமில்லை.

அறுவைக்குப் பிறகு வருகிற அறிக்கையில் முன்னால் ஒய் என்றோர் எழுத்து சேரும். சிகிச்சை கொடுத்த பிறகு பார்த்தது என்று அர்த்தம். டி0 என்0 வந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில வேளை டி0 என்1 என்று வரும். கட்டி இருந்த குழாயில் ஒன்றுமே இல்லை, ஆனால் எங்கோ தள்ளியிருந்த ஒரு முடிச்சில் செல்கள் மிஞ்சியிருக்கின்றன. அப்படி மிச்சம் இருந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் ஓராண்டு வரை நிவோலுமாப் என்ற எதிர்ப்பாற்றல் மருந்து கொடுக்கும் முறை 2021 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.